டெயில்கேட்டா, பார்ன் டோரா? - ஒரு கதவுப் பஞ்சாயத்து

இங்கிலாந்துல கேம்பர் வேன் கட்டுற ரெண்டு பேரை ஒரே மேஜையில உட்கார வச்சா, டீ ஆறுறதுக்குள்ள ஒரு சண்டை நிச்சயம். எஞ்சின் பத்தி இல்ல, மைலேஜ் பத்தி இல்ல. பின்கதவு பத்தி. டெயில்கேட்டா, பார்ன் டோரா? ரஜினியா கமலா மாதிரி இதுக்கும் ரெண்டு கோஷ்டி. கேட்க வேண்டிய கேள்வியை ரெண்டு கோஷ்டியுமே கேட்கறதில்லைங்கறதுதான் என் வயித்தெரிச்சல். அதைக் கொட்டத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம் மக்களே, பொறுத்துக்கோங்க.

விஷயம் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. இங்கே கூரியர்காரரும் பிளம்பரும் ஓட்டித் தேய்ச்ச சரக்கு வேனை செகண்ட் ஹேண்டுல வாங்கி, உள்ளே மரப்பலகை அடிச்சு, கட்டில், அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாம் வச்சு ஒரு குட்டி வீடாக்கிடுவாங்க. வாரக்கடைசியில அதை எடுத்துக்கிட்டு வேல்ஸ், ஸ்காட்லாந்துன்னு கிளம்பிடலாம். ஹோட்டல் செலவு மிச்சம். பொட்டி தட்டுற நம்ம கூட்டத்துலயும் நாலஞ்சு பேருக்கு இந்தக் கிறுக்கு பிடிச்சிருக்கு. எனக்கும்தான். அதனால சனிக்கிழமைகள்ல அடுத்தவங்க கட்டின வண்டிக்குள்ள ஏறி இறங்கிப் பார்க்கறது ஒரு பழக்கமாயிடுச்சு. அப்படிப் பார்த்துப் பார்த்து ஏறின கோபம் இது.

டெயில்கேட் அப்படின்னா மேல கீல் வச்சு, ஒரே பலகையா மேல்நோக்கித் தூக்கித் திறக்கிற கதவு. பார்ன் டோர் அப்படின்னா மாட்டுக்கொட்டகைக் கதவு மாதிரி இடமும் வலமுமா ரெண்டா திறக்கிறது. இது தவிர பக்கவாட்டுல இழுத்துத் திறக்கிற ஸ்லைடிங் கதவு. நம்ம ஊர் ஆம்னி வேன்ல பார்த்திருப்பீங்க. தமிழ் சினிமாவுல கதாநாயகியைக் கடத்தணும்னா 'டர்ர்ர்'னு இழுப்பாங்களே, அதே கதவுதான்.

ரெண்டு கோஷ்டியும் சொல்றது என்ன?

டெயில்கேட் கோஷ்டியோட வாதம் இது. தூக்கி விட்டா தலைக்கு மேல ஒரு கூரை மாதிரி நிக்கும். மழை பெய்யும்போது அதுக்குக் கீழே உட்கார்ந்து டீ போடலாம். ஒரே பெரிய கண்ணாடி, கட்டில்ல படுத்துக்கிட்டே கடல் பார்க்கலாம். சைக்கிள் மாட்டுற ராக் சுலபமா கிடைக்கும். விக்கப் போனா நல்ல விலை வரும்.

பார்ன் டோர் கோஷ்டி என்ன சொல்லுது? டெயில்கேட்டைத் தூக்கணும்னா பின்னால தாராளமா இடம் வேணும். கார் நிறுத்துற இடத்துல எவனாவது ஒட்டி நிறுத்திட்டா முடிஞ்சது கதை. எங்க கதவு அப்படி இல்ல, ஒரு பக்கத்தை மட்டும் ஒரு முழம் திறந்தாக்கூட போதும். நீளமான பலகையை ஏத்தலாம். காத்தடிச்சா ஒரு பக்கம் மூடி ஒரு பக்கம் திறந்து வச்சுக்கலாம். பெரிய வேன்கள்ல இந்தக் கதவு 270 டிகிரி சுத்தி, வண்டியோட பக்கச் சுவர்ல போய் ஒட்டிக்கிற மாதிரியும் வருது.

எல்லாம் நியாயம்தான். ஆனா கவனிச்சீங்களா? கூரை, கடல், சைக்கிள், பலகை, விலை, காத்து. எல்லாமே வெளியேயிருந்து உள்ளே வர்றது, இல்லேன்னா உள்ளே உட்கார்ந்து வெளியே பார்க்கறது. உள்ளே தூங்குற மனுஷன் ராத்திரி ரெண்டு மணிக்கு எப்படி வெளியே வருவான்ங்கறது ஒருத்தர் வாயிலும் வரல.

பார்சலுக்குச் செஞ்ச கதவு

இந்தக் கதவுங்க எதுக்காகச் செஞ்சதுன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. கேம்பர் வேன் உலகத்துக்கே குலதெய்வமான ஃபோக்ஸ்வேகன் டைப் 2, 1950ல வந்தப்போ பக்கவாட்டுல ரெண்டு கீல் கதவுதான் இருந்துச்சு. 1967ல வந்த ரெண்டாவது தலைமுறையிலதான் ஸ்லைடிங் கதவு எல்லா வண்டிக்கும் வழக்கமாச்சு. குறுகலான தெருவுல நிறுத்தி சாமானை இறக்க வசதி. பக்கத்துல போற வண்டி மேல கதவு இடிக்காது. அருமையான யோசனை, மறுக்கல.

ஆனா சரக்கு வேனோட கதவை வடிவமைச்சவர் மனசுல இருந்தது சரக்கு. பார்சல் உள்ளேயிருந்து கதவைத் திறக்காது. பார்சலுக்கு மூச்சு முட்டாது. பார்சல் எழுந்து ஓடாது. அதனாலதான் சில சரக்கு வேன்கள்ல பின்கதவுக்கு உள்ளே கைப்பிடியே இருக்காது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால தகரத்துலயோ பலகையிலயோ ஒரு முழுத் தடுப்பு இருக்கும். சரக்குக்கு அது சரி.

அந்த வண்டியில ஒரு மெத்தையைப் போட்ட அடுத்த நொடி கணக்கு மாறிடுது. அப்புறம் அது சரக்கு வேன் இல்ல, படுக்கையறை. உள்ளே சிலிண்டர் இருக்கு, அடுப்பு இருக்கு, டீசல் ஹீட்டர் இருக்கு, லித்தியம் பேட்டரி இருக்கு, சுவரெல்லாம் மரம், மெத்தையெல்லாம் ஸ்பாஞ்ச். எரியறதுக்கு என்னென்ன வேணுமோ அத்தனையையும் ரெண்டு மீட்டர் அகலத்துல அடுக்கி, நடுவுல நாம படுத்துக்கறோம். அந்த அறைக்குக் கதவு தேர்ந்தெடுக்கும்போது 'கடல் தெரியுமா'ன்னு கேட்டா எப்படிங்க?

நம்ம ஊர் வீட்டைக் கட்டின கொத்தனார் எந்த இன்ஜினியரிங் காலேஜுக்கும் போகல. ஆனா தலைவாசல்ல நின்னா கொல்லைவாசல் தெரியற மாதிரி கட்டினார். காத்துக்குன்னு சொல்லுவாங்க, வாஸ்துன்னு சொல்லுவாங்க. எதுவா வேணா இருக்கட்டும். அடுப்படியில தீப்பிடிச்சா இன்னொரு வழியா வெளியே வரலாம். அந்தச் சாதாரண விஷயத்தை, முப்பதாயிரம் பவுண்ட் செலவு பண்ணிக் கட்டின வண்டியில காணோம்.

இருக்குற கதவையும் அடைக்கிற கலை

கதவு வாங்குறதுல மட்டும் தப்பு இல்ல. வாங்கின கதவை அடைக்கிறதுல நம்ம ஆளுங்க கில்லாடி. நான் ஏறிப் பார்த்த வண்டிகள்ல திரும்பத் திரும்பக் கண்ணுல பட்டது இதெல்லாம்.

ஒண்ணு, அடுப்பை ஸ்லைடிங் கதவு ஓரமா வைக்கறது. பெரிய வேன்கள்ல சமையல் மேடையை நீட்டி, ஸ்லைடிங் கதவோட பாதி வாசலை அது மறிக்கிற மாதிரி கட்டுறது ஒரு ஃபேஷன். கதவைத் திறந்துட்டு வெளியே பார்த்துக்கிட்டே தோசை சுடலாமாம். தோசை சுடலாம், சரி. தீ எங்கே பிடிக்க வாய்ப்பு அதிகமோ அங்கேயே இருக்கிற ஒரே வாசலையும் வச்சாச்சே, அது?

ரெண்டு, பின்பக்கம் குறுக்கால நிரந்தரக் கட்டில். கீழே சைக்கிள், தண்ணி டேங்க், பெட்டி எல்லாம். பின்கதவு இருக்கு, ஆனா குளிருக்காக உள்பக்கம் பலகை அடிச்சு, கைப்பிடி அதுக்குள்ளே போயிடுச்சு. இன்னும் சிலர் கதவு ஓட்டைக்குள்ள விரியற ஃபோம் அடிச்சிடுறாங்க. உள்ளே ஓடுற கம்பியும் லாட்ச்சும் அதுல சிக்கினா கதவு சுவர் ஆயிடும். பார்க்க மட்டும் கதவு.

மூணு, ஓட்டுநர் பக்கத் தடுப்பை அப்படியே விட்டுடறது. 'வெதுவெதுப்பா இருக்கும், வெளியேயிருந்து பார்த்தா ஆள் தூங்குறது தெரியாது'ன்னு காரணம். அந்தத் தடுப்பு இல்லேன்னா முன்னால இருக்கிற ரெண்டு கதவும் உங்களுக்கு இலவசமா கிடைச்ச அவசர வழி. உள்ளேயிருந்து திறக்கணும்னே செஞ்ச கதவு அது மட்டும்தான். அதைப் பலகை போட்டு மூடிட்டு, பின்கதவுல எது அழகுன்னு பட்டிமன்றம்.

நாலு, பூட்டு. இதுக்குத் தனியா ஒரு பாட்டு பாடணும்.

அண்ணாச்சியின் பூட்டு

இங்கே வேனை உடைச்சு தச்சர், எலக்ட்ரீஷியன்களோட கருவிகளைத் திருடறது பெரிய தலைவலி. அதனால தொழில் பண்றவங்க வெளியிலேருந்து மட்டும் சாவி போடுற டெட்லாக் மாட்டுவாங்க. கூரியர்காரங்க ஸ்லாம்லாக் மாட்டுவாங்க, கதவை அறைஞ்சதும் தானே பூட்டிக்கும். சரக்குக்கு ரெண்டுமே நல்ல பூட்டு. அந்த வேனை வாங்கி வீடாக்கும்போது பூட்டு அப்படியே கூட வந்துடும். சிலர் புதுசாவே வாங்கி மாட்டுறாங்க.

எங்க ஆபீஸ்ல திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருத்தர் பழைய கூரியர் வேனை அழகா மாத்தியிருக்கார். தேக்கு நிறத்துல அலமாரி, ஒரு ஆணி வெளியே தெரியாது. பின்கதவுல ரெண்டு டெட்லாக். சாவி சட்டைப் பையில.

"அண்ணாச்சி, உள்ள படுத்துருக்கும்போது இதை எப்படித் தொறப்பீங்க?"

"உள்ளருந்து எதுக்குடே தொறக்கணும்? களவாணிப்பய வெளியருந்துல்லா வருவான்."

"களவாணி வெளியருந்து வருவான். தீ?"

சிரிச்சார். "நல்ல வார்த்த சொல்லவே மாட்டியாடே நீ"ன்னு சொல்லிட்டு டீ போடப் போயிட்டார். இதுதான் பிரச்சினை. தீ பத்திப் பேசினா அபசகுனம். திருடன் பத்திப் பேசினா முன்யோசனை.

இன்னொரு ஆப்பு பல பேருக்குத் தெரியவே தெரியாது. பல ஐரோப்பிய வண்டிகள்ல ரிமோட்ல பூட்டினா சாதாரணப் பூட்டோட நிக்காது. கண்ணாடியை உடைச்சுக் கைவிட்டாலும் திறக்க முடியாதபடி உள்கைப்பிடியையே துண்டிச்சிடும். சில வண்டியில ஒரு தடவை அமுக்கினாலே அப்படி, சிலதுல ரெண்டு தடவை அமுக்கணும். திருடனுக்கு எதிரா அருமையான ஏற்பாடு. இப்போ நிலைமையைப் பாருங்க. காலையில நீங்க குளிக்கப் போறீங்க. தங்கமணியும் குழந்தையும் உள்ளே தூங்குறாங்க. 'பத்திரமா இருக்கட்டும்'னு பழக்க தோஷத்துல ரிமோட்டை அமுக்கிட்டுப் போறீங்க. உள்ளே இருக்கறவங்க எந்தக் கைப்பிடியை இழுத்தாலும் திறக்காது. உங்க வண்டிக் கையேட்டை எடுத்து இந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது இன்னிக்கே படிங்க.

அவங்க சொல்றதும் நான் சொல்றதும்

'சட்டம் கேட்கலையே?'

சட்டம் என்ன கேட்குதுன்னு பார்ப்போம். மாத்தின வண்டியை மோட்டார் கேரவன்னு பதிவு செய்ய 2019ல டி.வி.எல்.ஏ. வெளித்தோற்றத்துக்கு ஒரு பட்டியல் போட்டுச்சு. ஒரு பக்கமாவது ரெண்டு ஜன்னல், வசிக்கிற பகுதிக்குத் தனிக் கதவு, ரெண்டு பக்கமும் கேம்பர் மாதிரி ஸ்டிக்கர், ஆனிங் மாட்டுற கம்பி, உயரமான கூரை. சாலையில பார்க்கறவங்களுக்கு வண்டி கேம்பர் மாதிரி தெரியணும், அதுதான் நோக்கம். கதவுன்னு ஒரு வரி இருக்கு. அது உள்ளேயிருந்து திறக்குதான்னு ஒரு வரி அந்தப் பட்டியல்ல இல்ல. ஸ்டிக்கருக்கு ஒரு வரி இருக்கு! பதிவுப் புத்தகத்துல என்ன எழுதலாம்னு முடிவு பண்ணத்தான் அந்தப் பட்டியல். நாம உயிரோட எழுந்திருக்கறதுக்கு அது பொறுப்பு எடுத்துக்கல.

கேம்ப்சைட்காரங்க ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவுல 6 மீட்டர் விடச் சொல்றாங்களே, ஏன்? ஒரு வண்டி எரிஞ்சா அடுத்ததுக்குத் தாவக்கூடாதுன்னு. அதாவது பக்கத்து வண்டிக்காரனைக் காப்பாத்த விதி இருக்கு. எரியற வண்டிக்குள்ள இருக்கறவனைக் காப்பாத்த வேண்டியது கட்டினவன்தான்.

'இதெல்லாம் எங்கேயாவது நடக்குமா? சும்மா பயமுறுத்தாதே.'

நடக்காதா? 2013 அக்டோபர்ல பெங்களூர்லேருந்து ஹைதராபாத் போன பஸ் பாலெம் பக்கத்துல எரிஞ்சு 45 பேர் போனாங்க. 2025 அக்டோபர்ல ராஜஸ்தான்ல ஜெய்சால்மர் பக்கத்துல ஒரு பஸ். பத்தே நாள்ல ஆந்திராவுல கர்நூல் பக்கத்துல விடியறதுக்கு முன்னால இன்னொரு ஸ்லீப்பர் பஸ். கதவு திறக்கலைங்கறது அந்த ரெண்டு விபத்துச் செய்திகள்லயும் வந்தது. ஜெய்சால்மர் பஸ் சாதாரண பஸ்ஸா இருந்து ஏசியா மாத்தப்பட்டதுன்னும் செய்தியில இருந்துச்சு. 'அது பஸ், இது வேன், மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறியே'ன்னு கேட்காதீங்க. தீப்பிடிக்கக் காரணம் வேற வேற. ஆனா சாலை வாகனம், உள்ளே படுக்கை, எரியற சாமான், ஒரே வாசல், அதுவும் திறக்கல. இந்த வாய்ப்பாடு வண்டியோட அளவைப் பார்த்து மாறாது.

தீ கூட வேண்டாம். கார்பன் மோனாக்சைடு போதும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. அணைஞ்ச மாதிரி தெரியற கரியடுப்பைக் குளிருக்காகக் கூடாரத்துக்குள்ள எடுத்து வச்சுட்டுத் தூங்கினவங்க எழுந்திருக்காத சம்பவங்கள் இங்கிலாந்துலயே நடந்திருக்கு. டெயில்கேட் கூரைக்குக் கீழே அடுப்பை மூட்டிட்டு மழை வந்ததும் கொஞ்சம் உள்ளே தள்ளுறவங்களே, உங்களுக்குத்தான் சொல்றேன். ஈஎன் 50291-2ன்னு எழுதியிருக்கிற அலாரம் வாங்கி மாட்டுங்க, வேன், படகுக்குன்னே இருக்கிற தரம் அது. அலாரம் அடிச்சா என்ன பண்ணணும்? தலை சுத்தி, கை நடுங்கி, அரைத்தூக்கத்துல ஒரு கதவைத் திறக்கணும். மறுபடியும் கதவுதான்!

'ஜன்னலை உடைச்சுட்டுக் குதிச்சிடுவேன்.'

சினிமா நிறைய பார்க்கறீங்க. கேம்பர்கள்ல நிறைய பேர் மாட்டுற இரட்டை அக்ரிலிக் ஜன்னல் சுத்தியால அடிச்சா கண்ணாடி மாதிரி நொறுங்காது. அதைத் தாழ் திருகி வெளிப்பக்கமா தள்ளித் திறக்கணும். நல்ல அளவுள்ளதா இருந்தா அது நல்ல வழிதான், ஆனா முன்னாடியே திறந்து பழகியிருக்கணும். பசை போட்டு ஒட்டின கண்ணாடி திறக்கவே திறக்காது. டெம்பர்டு கண்ணாடியா இருந்தா சுத்தி உதவும், லேமினேட் கண்ணாடின்னா விரிசல்தான் விடும். கூரையில வைக்கிற ஓட்டை 40 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர். அதுல மின்விசிறியும் வச்சாச்சுன்னா பூனை கூட போகாது. என் தொப்பை நிச்சயமா போகாது :-)

'ரெண்டு வழி வச்சா இடம் போயிடும், காசு போயிடும்.'

போகும். பேக்கப் சர்வருக்கும் காசு போகுது. எல்லா ஆபீஸ்லயும் அதுக்கு மேனேஜர்கிட்ட மல்லுக்கட்டற நாம, 'ஒண்ணு செத்தா எல்லாமே செத்துடும்'னு ஸ்லைடு போட்டுக் காட்டுற நாம, சொந்தப் பொண்டாட்டி பிள்ளை தூங்குற வண்டியில ஒரே வாசலோட நிறுத்திக்கறோமே, இது என்ன நியாயம்? நம்ம தொழில்லயே இன்னொரு பாடமும் இருக்கு. ஒரே ரேக்ல ஒரே மின் இணைப்புல ரெண்டு சர்வர் வச்சா அது ரெண்டு இல்ல, ஒண்ணுதான். கதவும் அப்படித்தான். ரெண்டு கதவும் அடுப்புக்கு ஒரே பக்கம் இருந்தா, அது ஒரு கதவு. ரெண்டும் ஒரே ரிமோட் பூட்டுல மாட்டிக்கிட்டா, அதுவும் ஒரு கதவு. அடுப்புக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. அதுதான் ரெண்டு.

சரி, எந்தப் பக்கம்? எந்தக் கதவு?

'விமர்சனம் பண்றே, வழி சொல்லு'ன்னு கேட்பீங்க. சொல்றேன்.

ஸ்லைடிங் கதவு எந்தப் பக்கம் வேணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க. இங்கே சரக்கு வேன்ல பெரும்பாலும் இடதுபக்கம், அதாவது நடைபாதைப் பக்கம் இருக்கும். நம்ம ஊர் மாதிரி இடதுபக்கம் ஓட்டுற நாடு, அதனால சரி. இதே வண்டியை டோவர்ல கப்பல் ஏத்தி கலேல இறக்கினா எல்லாம் தலைகீழ். அங்கே வலதுபக்கம் ஓரம் கட்டணும். உங்க கதவு ஓடற வண்டிகளைப் பார்த்துத் திறக்கும். குழந்தை தூக்கக் கலக்கத்துல இறங்கினா நேரா சாலை. ஜெர்மனியிலேருந்து மலிவா கிடைக்குதுன்னு இடதுபக்க ஸ்டியரிங் வண்டி இறக்குமதி பண்றவங்களுக்கு இங்கேயே அந்தக் கதை. ஐரோப்பா அடிக்கடி போறவங்க ரெண்டு பக்கமும் ஸ்லைடிங் கதவு இருக்கிற வண்டியைத் தேடறது வீண் ஆடம்பரம் இல்ல. ஃபோக்ஸ்வேகனே 2024ல அறிமுகப்படுத்தின புது கலிஃபோர்னியாவுல ரெண்டு பக்கமும் ஸ்லைடிங் கதவு வச்சாங்க. அதுக்காக அலமாரியைச் சுருக்க வேண்டியிருக்கும். சுருங்கட்டுமே. நாலு சட்டை குறைவா எடுத்துட்டுப் போனா ஆகாதா?

ஒரு பக்கம் மட்டும்தான் கிடைச்சுதுன்னா, சமையல் மேடையை எதிர்ச்சுவர்ல வைங்க. சின்ன வேன்கள்ல வழக்கமா அப்படித்தான் இருக்கும், அதுதான் சரியும். வாசலை முழுசா விடுங்க. டீசல் ஹீட்டரோட புகைக்குழாய் அந்த வாசல் பக்கமோ, தூங்கும்போது திறந்து வைக்கிற ஜன்னல் பக்கமோ போகாம பார்த்துக்கோங்க. சிலிண்டர் வாயு காத்தை விட கனம், கசிஞ்சா தரையில தேங்கும். அதுக்குத் தரையில ஓட்டை விடணும், கதவு இடுக்கை நம்பக்கூடாது.

அப்புறம் பின்கதவு. நீங்க கேட்டே ஆகணும்னா என் ஓட்டு பார்ன் டோருக்கு. காரணம் சைக்கிளோ பலகையோ இல்ல. உள்கைப்பிடியை இழுத்துத் தாழை விடுவிச்சுட்டா, படுத்திருக்கறவங்க காலால தள்ளினாலும் ஒரு பக்கம் திறக்கும். பாதி வழி கிடைச்சா பாதி உடம்பு வெளியே வரும், மீதி தானா வரும். பின்னால ஒருத்தன் ஒட்டி நிறுத்தியிருந்தாலும் ஒரு ஆள் நழுவுற அளவுக்குத் திறக்க வாய்ப்பு அதிகம். டெயில்கேட்டை முழுசா மேல தூக்கணும். குளிர்ல அதைத் தாங்குற கேஸ் ஸ்ட்ரட் தளர்ந்திருந்தா, அரைத்தூக்கத்துல இருக்கிற ஆள் அந்த எடையைத் தோளால தூக்கணும். பத்து வயசுப் பையனால முடியுமா?

ஆனா டெயில்கேட்தான் வேணும்னா தாராளமா வைங்க. கடல் பார்க்கறதை நான் தடுக்கல. உள்ளேயிருந்து திறக்கிற நெம்புகோல் இருக்கான்னு மட்டும் பாருங்க. இல்லேன்னா, டி5, டி6 மாதிரி வண்டிகளுக்குத் தனியா விக்கறாங்க, ஒரு பிற்பகல் வேலை. அதை மாட்டி, இருட்டுல கைக்குப் படுற இடத்துல வச்சுட்டீங்கன்னா உங்க டெயில்கேட் என் கட்சியில சேர்ந்தாச்சு. உள்கைப்பிடி இல்லாத பார்ன் டோரை விட உள்நெம்புகோல் இருக்கிற டெயில்கேட் ஆயிரம் மடங்கு மேல்.

தடுப்பை எடுக்க முடிஞ்சா எடுங்க. குளிருதுன்னா கனமான திரை போடுங்க. திரையைத் தள்ளிட்டு ஓடலாம், தகரத்தைத் தள்ள முடியாது. டெட்லாக் வேணும்னா உள்பக்கம் சாவியில்லாமத் திருகித் திறக்கிற வகையா வாங்குங்க. அது கிடைக்கலேன்னா, தூங்கப் போகும்போது அந்தப் பூட்டைத் திறந்து வைங்க. அடுப்பும் மெத்தையும் போனா இன்ஷூரன்ஸ் காரனோட பேசிக்கலாம்.

ஒரே ஒரு பரிட்சை

கட்டி முடிச்ச வண்டியைப் படம் எடுத்துப் போடறதுக்கு முன்னால இதைச் செய்ங்க. ராத்திரி, விளக்கெல்லாம் அணைச்சு, எல்லாக் கதவையும் பூட்டிட்டு எல்லாரும் படுங்க. சாவி முன்னால டாஷ்போர்டுல இருக்கட்டும். ஒருத்தர் வெளியே நின்னு, 'சமையல் மேடைப் பக்கம் தீ'ன்னு கத்தணும். அந்தப் பக்கமே போகாம, டார்ச் இல்லாம, சாவி இல்லாம, ஒவ்வொருத்தரா வெளியே வாங்க. சின்னக் குழந்தை இருந்தா தூக்கிட்டு வாங்க. ஊர்லேருந்து அம்மா வந்திருந்தா அவங்களும் வரட்டும், மூட்டுவலியோட. அவங்க எந்தக் கதவு வழியா, எந்தப் படியில கால் வச்சு இறங்கறாங்கன்னு பாருங்க. யாராவது ஒருத்தர் 'கைப்பிடி எங்க இருக்கு?'ன்னு கேட்டா வண்டி இன்னும் முடியலைன்னு அர்த்தம். தேக்கு நிறப் பாலிஷ் எல்லாம் அப்புறம்.

காசு கொடுத்துக் கட்டிக்கறவங்க, வேலை ஒப்படைக்கும்போது கடைக்காரர் முன்னாலயே இந்தப் பரிட்சையை வைங்க. அவர் முகம் சுளிச்சாருன்னா முன்பணத்தை வாங்கிட்டு வேற ஆளைப் பாருங்க.

டெயில்கேட் கோஷ்டி, பார்ன் டோர் கோஷ்டி ரெண்டு பேருக்கும் சேர்த்தே சொல்றேன். கதவுன்னா முதல்ல வெளியே போற வழி. அதுக்கப்புறம்தான் ஜன்னல், கூரை, சைக்கிள் ஸ்டாண்டு எல்லாம். வண்டியில எத்தனை கதவுன்னு வெளியே நின்னு எண்ணாதீங்க. உள்ளே படுத்துக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு எண்ணுங்க. ரெண்டு வரலைன்னா ஸ்பேனரை எடுங்க.

டிஸ்கி 1: அண்ணாச்சியும் இதைப் படிப்பார். அண்ணாச்சி, தேக்கு நிறம் நிஜமாவே பிரமாதம். பூட்டை மட்டும் மாத்துங்க.

டிஸ்கி 2: ராத்திரி பதினோரு மணிக்கு கேம்ப்சைட்ல ஸ்லைடிங் கதவை 'டர்ர்ர் டமார்'னு இழுத்து மூடற புண்ணியவான்களுக்குத் தனிப் பதிவு உண்டு. அதுல கும்மி அடிக்க எல்லாரும் தயாரா இருங்க :-)